யுபிஐ ஆர்டருக்கும் கார்டு கட்டணமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னிமலையில் எங்கள் வீட்டுத் தறியிலும் பக்கத்துத் தறிகளிலும் நெய்யும் போர்வைகளை ஒரு இணைய விற்பனைத் தளம் வழியாக விற்று வருகிறேன். யுபிஐயில் பணம் வாங்கும் வியாபாரிக்குக் கட்டணமே கிடையாது என்று எங்கும் சொல்கிறார்கள். என்னைப் போலத் தளத்தில் விற்பவர்களுக்கு அந்தச் சலுகை வந்து சேரவே இல்லை.

வாராவாரம் வரும் செட்டில்மெண்ட் கணக்கில் தளத்தின் கமிஷன், கூரியர், 0.5 சதவீத ஜிஎஸ்டி பிடித்தம், 0.1 சதவீத வருமான வரிப் பிடித்தம் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கின்றன. வரிப் பிடித்தங்களைப் பின்னால் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், அதில் எனக்குக் குறையில்லை. பேமெண்ட் கட்டணம் என்று 2 சதவீதம் போடுகிறார்களே, அதுதான் புரியவில்லை. வாடிக்கையாளர் எந்த வழியில் பணம் கட்டினாலும் அதே 2 சதவீதம். போர்வை 1,400 ரூபாய், கூரியர் 100 ரூபாய் என்றால் மொத்தம் 1,500க்கு 30 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 35 ரூபாய் 40 காசு. என் கைக்கே வராத கூரியர் பணத்துக்கும் சேர்த்து இந்தக் கட்டணம்.

உண்மையில் வங்கிகளுக்கு எவ்வளவு போகிறது? யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர், அதாவது பணத்தை வாங்கித் தர வங்கிகள் வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணம், பூஜ்யம். மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2018லேயே உச்சவரம்பு வைத்துவிட்டது. ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் 0.40 சதவீதம், அதற்கு மேல் 0.90 சதவீதம். 1,500 ரூபாய்க்கு 6 ரூபாய், மிஞ்சினால் 13 ரூபாய் 50 காசு. கிரெடிட் கார்டுக்குத்தான் உச்சவரம்பு இல்லை. அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்குகளும் வியாபாரிக்குப் பணம் வாங்கித் தரும் வங்கியும் மீதியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தளத்தின் பெயரில் பணம் வசூலாகும்போது வங்கியின் பார்வையில் வியாபாரி நான் இல்லை, அந்தத் தளம்தான். அதன் விற்பனை கோடிக்கணக்கில். சிறு வியாபாரிக்கென்று வைத்த 0.40 சதவீதம் அப்போது எனக்கு எப்படிக் கிடைக்கும்? நெய்பவர்களுக்குக் கூலி கொடுத்து, நூல் விலை ஏறும்போதெல்லாம் தாங்கிக்கொள்ளும் எங்களுக்கு ஒரு போர்வைக்கு 20, 30 ரூபாய் என்பது சின்னத் தொகை அல்ல.

பணத்தை வசூலித்து, மோசடியைத் தடுத்து, எங்கள் கணக்கில் சேர்ப்பதற்குத் தளத்துக்கும் செலவு உண்டு. சரி, அதற்கான கூலியை வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் அதைத் தங்கள் கூலி என்றே எழுத வேண்டும். வங்கிக்குப் போகாத பணத்தை வங்கிக் கட்டணம் போலக் காட்டுவது நியாயமில்லை.

ரிட்டர்ன் வந்தால் நிலைமை இன்னும் மோசம். நிறம் பிடிக்கவில்லை என்று போர்வை திரும்பி வந்தால் வாடிக்கையாளருக்கு முழுப்பணமும் போய்விடுகிறது. பேமெண்ட் கட்டணம் மட்டும் எனக்குத் திரும்பி வருவதில்லை.

ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் எப்படிப் பணம் கட்டினார், அதில் வங்கிக்கும் நெட்வொர்க்குக்கும் எவ்வளவு, தளத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதை மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் விற்பனைத் தளங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும். யுபிஐ ஆர்டர்களுக்குக் கார்டு விகிதத்தில் பிடிப்பதை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு போர்வை வியாபாரி,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்