‘புரிந்ததா?’ என்று கேட்கும் முன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வெளிநாட்டு டீமோடு தினமும் பேசுகிற பொறுப்பு உனக்கு வந்திருப்பதைப் படித்ததும் எனக்கே பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றை விளக்கி முடித்ததும், எதிரில் இருப்பவருக்குப் புரிந்ததா என்று ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது? எனக்கு இதில் சூடுபட்ட அனுபவம் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில், என்னைவிட மூத்த ஒரு பெண்மணிக்குப் போனில் ஒரு கணக்கை விளக்கிவிட்டு, ‘டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?’ என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ‘யெஸ், ஐ டூ’ என்றார். மூன்று வார்த்தையும் வெட்டு வெட்டாக விழுந்தன.

என் மனதில் இருந்தது நம் ‘புரியுதுங்களா?’தான். அந்த ‘ங்க’ வந்துவிட்டாலே நமக்கு மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்தில் அதை ஒட்டவைக்க இடமில்லை. அதோடு, ‘உங்களுக்குப் புரிகிறதா’ என்னும்போது புரிதல் தானாக வந்து சேர்கிற ஒன்று. ‘யூ அண்டர்ஸ்டாண்ட்’ என்றால் அது அவர் செய்ய வேண்டிய வேலை. புரியாவிட்டால் குறை அவருடையது என்று தொனிக்கிறது.

அதனால் முறையான பேச்சா, சகஜமான பேச்சா என்று பார்ப்பதற்கு முன், பாரம் யார் தலையில் விழுகிறது என்று பார். ‘டஸ் தட் மேக் சென்ஸ்?’ என்றால் சொன்ன விஷயத்தின் மேல் விழுகிறது. பெரும்பாலான இடங்களுக்கு இது போதும். மேலதிகாரியிடமோ வாடிக்கையாளரிடமோ ‘ஹாவ் ஐ எக்ஸ்பிளெயின்ட் தட் கிளியர்லி?’ என்று கேள். ‘காட் இட்?’ கூட வேலை செய்கிற நண்பர்களோடு சரி. உனக்குக் கீழே இருப்பவரிடம் சொன்னால் அதுவே அதட்டலாகிவிடும்.

ஒன்றை மட்டும் தொடவே தொடாதே: ‘டூ ஐ மேக் மைசெல்ஃப் கிளியர்?’ வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் ‘நான் தெளிவாகச் சொல்கிறேனா’ என்ற பணிவு. ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதைக் கோபத்தில், கடைசி எச்சரிக்கையாகத்தான் சொல்கிறார்கள். முறையாக இருப்பதெல்லாம் மரியாதை என்று நம்பினால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

எப்படிக் கேட்டாலும், வருகிற ‘ஓகே’வை அப்படியே நம்பாதே. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானத்திலிருந்து டேக்-ஆஃப் பற்றிச் சொன்னதற்குக் கட்டுப்பாட்டு அறை முதலில் சொன்னது ‘ஓகே’. அதற்குப் பின் வந்த ‘காத்திரு’ என்பது அலைவரிசை இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை; அந்த விமானம் நிற்காமல் ஓடியது. அந்த விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அதற்குப் பிறகு, கட்டுப்பாட்டு அறை தரும் அனுமதியை விமானி அப்படியே திருப்பிச் சொல்லும் ஒழுங்கை விமானத் துறை இன்னும் இறுக்கியது.

நம் வேலையிலும் அதுதான் வழி. உனக்குச் சந்தேகம் வந்தால், ‘ஜஸ்ட் டு மேக் ஷ்யூர் ஐ ஹாவ் காட் திஸ் ரைட்’ என்று ஆரம்பித்து, கேட்டதை உன் வார்த்தையில் திருப்பிச் சொல். அவர்களுக்குப் புரிந்ததா என்று தெரிய ‘எனி கொஸ்டின்ஸ்?’ வேண்டாம், ‘நோ’ என்று முடித்துவிடுவார்கள். ‘வேர் வுட் யூ லைக் டு ஸ்டார்ட்?’ என்று கேட்டுப் பார். எங்கிருந்து தொடங்கப் போகிறார்கள் என்று சொல்லும்போதே எது புரிந்தது, எது விட்டுப்போனது என்று தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை முதல் கூட்டம் என்று எழுதியிருந்தாய். எப்படிப் போனது என்று அன்று ராத்திரியே எழுது. அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்