ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: வார்த்தைக் கணக்குகள் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது ஒருங்கமை சமன்பாடுகள், அதாவது தெரியாத இரண்டு எண்களை இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துக் கண்டுபிடிக்கும் பாடம், நடத்திக்கொண்டிருக்கிறோம். சமன்பாடுகளை எழுதிக் கொடுத்தால் நீக்கல் முறையிலோ பிரதியிடல் முறையிலோ மளமளவென்று தீர்த்துவிடுகிறார்கள். அதையே வார்த்தைகளில் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் விடைத்தாளிலும் அந்த இடம் காலியாக வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 4 ஆண்டுகளுக்கு முன் தாயின் வயது மகளின் வயதைப் போல் 5 மடங்கு. இன்னும் 14 ஆண்டுகளில் அது 2 மடங்காக இருக்கும். இருவரின் இன்றைய வயது என்ன?

பல பிள்ளைகள் முதல் வரியிலேயே 'தா என்பது தாய்' என்று எழுதுகிறார்கள். தாய் ஓர் எண் இல்லையே! தா என்பது தாயின் இன்றைய வயது, ம என்பது மகளின் இன்றைய வயது. அந்த 'இன்றைய' விடுபட்டால் தா = 5ம என்று எழுதிவிடுவார்கள்; 4 ஆண்டுகளை யாருக்குமே கழித்திருக்க மாட்டார்கள். இன்னும் சிலர் பெரிய வயதுக்குப் பக்கத்தில் 5 வர வேண்டும் என்று நினைத்து 5தா என்று எழுதுகிறார்கள். சிறியதைப் பெருக்கினால்தான் பெரியதற்குச் சமமாகும்.

பிள்ளை திணறினால், ஒரு விடையை ஊகித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இது நேரத்தை வீணாக்குவதல்ல, சமன்பாட்டுக்குப் போகும் நல்ல வழி. மகளுக்கு இன்று 8 வயது என்று வைத்துக்கொள்வோம். 4 ஆண்டுகளுக்கு முன் 8 − 4, அதாவது 4. தாய்க்கு அப்போது 5 × 4 = 20, இன்று 24. இன்னும் 14 ஆண்டுகளில் மகளுக்கு 22, தாய்க்கு 38. 22இன் இரு மடங்கு 44 ஆயிற்றே, பொருந்தவில்லை. சரி, அப்புறம் என்ன? 8 இருந்த இடத்தில் ம, தாயின் இன்றைய வயது இருந்த இடத்தில் தா என்று போட்டு அதே வேலையை எழுதினால் தா − 4 = 5(ம − 4), தா + 14 = 2(ம + 14) என்ற இரண்டு சமன்பாடுகளும் வந்துவிடும். சுருக்கினால் தா = 5ம − 16, தா = 2ம + 14. ஆகவே 3ம = 30. மகளுக்கு 10, தாய்க்கு 34.

விடையைச் சமன்பாட்டில் மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது. சமன்பாடே தப்பாக இருந்தாலும் அது பொருந்திவிடும். கேள்வியின் வாக்கியத்துக்கே திரும்ப வேண்டும்: அன்று 6, 30, அது 5 மடங்கு. பிறகு 24, 48. அது 2 மடங்கு.

உங்களுக்கு இயற்கணிதம் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. "இந்த எழுத்து எதைக் குறிக்கிறது? கேள்வி சொல்லும் இரண்டு செய்திகள் எவை?" என்று கேளுங்கள், போதும். தெரியாத எண்கள் இரண்டு என்றால் தனித்தனியான இரண்டு செய்திகள் வேண்டும். ஒன்றையே வேறு வார்த்தையில் சொன்னால் கணக்கு நகராது. கைப்பேசியில் படம் பிடித்து விடை எடுக்க மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். பிள்ளை தானாகச் செய்ய வேண்டிய பகுதியை அது பறித்துவிடுகிறது.

அடுத்த தேர்விலிருந்து, எழுத்துகளைச் சரியாக விளக்கிச் சமன்பாடுகளை அமைத்தாலே பாதி மதிப்பெண் தருவோம், கடைசி விடை தவறினாலும். வழிமுறை இல்லாத வெறும் விடைக்கு முழு மதிப்பெண் கிடையாது. சந்தேகம் இருந்தால் கணித ஆசிரியரையோ என்னையோ பள்ளி முடிந்ததும் வந்து பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்