பாட்டுக்காட்சி வெட்டும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். 1936-இல் வந்த 'ஸ்விங் டைம்' என்ற அமெரிக்க நடனப் படத்தைப் பார் பார் என்று ஏன் இத்தனை நாளாக நச்சரிக்கிறேன் என்று கேட்டாய். "கதையே இல்லையே அக்கா, அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன்" என்றும் சொன்னாய். போனில் சொல்லித் தீராது என்பதால் எழுதுகிறேன். பாட்டுக்காட்சிகளை எடிட் செய்வதைத் தொழிலாக எடுத்துக்கொண்டிருக்கிற நீ இந்தப் படத்தை அரை மணி நேரத்தில் விட்டுவிடக் கூடாது.

கதை மெலிதுதான். லக்கி என்று ஒரு நடனக்காரன், சூதாட்டப் பித்து உள்ளவன். முகூர்த்த நேரத்துக்குப் போய்ச் சேராததால் அவன் கல்யாணம் நின்றுபோகிறது. 25,000 டாலர் சம்பாதித்துக்கொண்டு வா, அப்புறம் பெண் தருகிறேன் என்கிறார் பெண்ணின் அப்பா. சரக்கு ரயிலில் ஏறி நியூயார்க் போகிறான். அங்கே நடனப் பள்ளி ஆசிரியை பென்னியைப் பார்க்கிறான். இனிமேல் பணம் சேர்ந்துவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டுமே என்பதுதான் அவன் கவலை. அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த இருவருக்கும் இடையே நடக்கிற முக்கியமான விஷயம் எதுவும் வசனத்தில் நடப்பதில்லை. எல்லாம் நடனத்தில் நடக்கிறது. நீ நிறுத்திய இடத்துக்குச் சற்று முன்னால் வந்த நடனத்தை மறுபடி போட்டுப் பார்.

அதுதான் 'பிக் யுவர்செல்ஃப் அப்'. பென்னியோடு பேச வேறு வழி தெரியாமல், ஆடவே தெரியாதவன் போல நடித்து அவளிடம் பாடம் கேட்க வருகிறான் லக்கி. தடுக்கித் தடுக்கி விழுகிறான். அவள் பொறுமை இழந்து, உனக்கு இது வராது, காசை வீணாக்காதே என்கிறாள். அது முதலாளி காதில் விழ, அவள் வேலை போகிறது. உடனே லக்கி முதலாளியைப் பிடித்து, இவர் எனக்கு எவ்வளவு கற்றுக்கொடுத்திருக்கிறார் பாருங்கள் என்று அவளை இழுத்துக்கொண்டு ஆடத் தொடங்குகிறான். அந்த ஆட்டத்துக்கு ஒரு வேலை இருக்கிறது: போன உத்தியோகத்தை மீட்க வேண்டும். பென்னியின் முகத்தை மட்டும் கவனி. முதல் சில விநாடி திகைப்பு. இவனுக்கா ஆடத் தெரியாது என்ற சந்தேகம். பிறகு, சரி நீ எதுவரை போவாய் பார்க்கலாம் என்கிற ஒரு குறும்பு. கடைசியில் இருவரும் ஆடுமிடத்தைச் சுற்றியிருக்கும் தாழ்வான கம்பியைத் தாண்டிக் குதிக்கும்போது அவளுடைய கோபம் முழுவதும் கரைந்திருக்கிறது. ஒரு பெண் ஓர் ஆளை வெறுப்பதிலிருந்து விரும்புவது வரைக்குமான தூரம் சில நிமிடத்துக்குள். ஒரு வார்த்தை பேசவில்லை.

இது நம் கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம் காமிரா. உன்னிடம் பேச வந்ததே இதைத்தான்.

லக்கியாக நடித்த ஃபிரெட் அஸ்டேர் ஹாலிவுட்டுக்கு வருமுன் பல வருடம் மேடையில் ஆடியவர். படத்துக்கு வந்ததும் அவர் விடாப்பிடியாகக் கேட்டது இது: ஆடும்போது தலையிலிருந்து கால்வரை முழு உடம்பும் ஃப்ரேமுக்குள் இருக்க வேண்டும், முடிந்தவரை வெட்டு இருக்கக் கூடாது. காலை மட்டும் குளோசப்பில் காட்டுவது, நடுவில் யாரோ ரசிப்பது போல ஒரு முகத்தைச் செருகுவது, இதெல்லாம் அவருக்கு ஆகாது. காமிரா வண்டியில் ஏறி, ஆடுகிறவர்களோடு கூடவே நகரும். அவர்கள் நெருங்கினால் நெருங்கும், விலகினால் விலகும். இந்தப் படத்தில் இரவு விடுதியில் வருகிற 'வால்ட்ஸ் இன் ஸ்விங் டைம்' நடனத்தை அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். எங்கே வெட்டு என்று தேடிப்பார்.

அதே காலத்தில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி நேர் எதிரான வழியில் போனார். காமிராவை உச்சியில் தூக்கி வைத்து, நூற்றுக்கணக்கான பெண்களைப் பூ மாதிரியும் சக்கரம் மாதிரியும் விரித்துக் காட்டினார். 1933-இல் வந்த '42ஆவது தெரு' அந்த வகை. அதுவும் பெரிய கலைதான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஆடுவது காமிராவும் கத்திரியும். தனி மனிதர் ஒருவரின் மனது என்ன ஆகிறது என்று அதில் பார்க்க முடியாது. இன்று உங்கள் எடிட்டிங் அறைகளிலிருந்து வருகிற பாட்டுகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. ஒரு சுழற்சியை மூன்று துண்டாக்கி மூன்று கோணத்தில் ஒட்டுகிறீர்கள். வேகம் வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பெண் நிஜமாகவே சுழன்றாளா, சுழன்று நின்றதும் அவள் மூச்சு எப்படி இருந்தது, எதிரில் நிற்பவனைப் பார்த்தாளா, எதுவும் தெரிவதில்லை. எனக்கு அது ஏமாற்றமாக இருக்கிறது, தம்பி. நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளைகள் ஆடியதைத் துண்டு துண்டாகப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

வெட்டாமல் எடுப்பதென்றால் அதற்கு ஒரு விலை உண்டு. படப்பிடிப்பு தொடங்குவதற்கு வாரக்கணக்கில் முன்பே அஸ்டேரும் நடன அமைப்பாளர் ஹெர்மீஸ் பேனும் ஓர் அறையில் உட்கார்ந்துவிடுவார்கள். பியானோவில் ஹால் போர்ன். பென்னியாக நடித்த ஜிஞ்சர் ராஜர்ஸ் வேறு படங்களில் நடித்துக்கொண்டிருப்பார், அதனால் அவருடைய அடவுகளை ஹெர்மீஸ் பேனே ஆடிப்பார்த்து, பிறகு அவருக்குச் சொல்லிக்கொடுப்பார். காலால் தட்டுகிற ஒலியைப் பின்னர் தனியாகப் பதிவு செய்து சேர்ப்பார்கள். அதிலும் ஜிஞ்சரின் கால் ஒலியைப் பல படங்களில் தந்தவர் பேன்தான். திரையில் இரண்டு பேர் போகிற போக்கில் ஆடுவது போலத் தெரிவதற்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு.

ஜிஞ்சரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படம் வந்தபோது அஸ்டேருக்கு வயது 37, ஜிஞ்சருக்கு 25. அஸ்டேர் அளவுக்கு நடனப் பயிற்சி பெற்றவர் இல்லை. அஸ்டேரோடு பின்னாளில் ஆடிய சிலர் இவரைவிடத் தேர்ந்த நடனக்காரர்கள். இருந்தும் இந்த ஜோடியின் பத்துப் படங்களில் இருக்கிற உயிர் வேறெதிலும் இல்லை என்பது என் எண்ணம். ஜிஞ்சர் முதலில் நடிகை. பாட்டு ஆரம்பித்தாலும் நடிப்பை நிறுத்த மாட்டார். அவன் கையைப் பிடிக்கிறபோது பிடிக்கலாமா என்று யோசித்துவிட்டுத்தான் பிடிப்பார். முழு உருவமும் தெரிகிற ஷாட்டில், அவ்வளவு தள்ளி நிற்கிற காமிராவில், அந்த யோசனை நமக்குத் தெரிகிறது!

ஜெரோம் கெர்ன் இசை, டோரதி ஃபீல்ட்ஸ் வரிகள். ஆண்களே நிறைந்திருந்த அந்தப் பாடலாசிரியர் உலகத்தில் ஒரு பெண் நின்று ஜெயித்தார். 'தி வே யூ லுக் டுநைட்' அந்த ஆண்டின் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் வாங்கியது. அது வருகிற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றிரவு நீ எவ்வளவு அழகு என்று லக்கி பியானோவில் உட்கார்ந்து பாடுகிறான். உள்ளே பென்னி தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருக்கிறாள். பாட்டில் மயங்கி, தலை முழுக்க நுரையோடு அப்படியே வந்து அவன் தோளில் கை வைக்கிறாள். பாட்டின் இனிமையும் குறையவில்லை, சிரிப்பும் வந்துவிடுகிறது. பனியில் பாடுகிற 'எ ஃபைன் ரொமான்ஸ்' பாட்டும் நன்றாயிருக்கும். அதில் நடனம் கிடையாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'போஜாங்கிள்ஸ் ஆஃப் ஹார்லெம்' பாட்டில் அஸ்டேர் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு ஆடுகிறார். போஜாங்கிள்ஸ் என்பது பில் ராபின்சனின் பட்டப்பெயர். கறுப்பினத்தைச் சேர்ந்த மாபெரும் டாப் நடனக்கலைஞர், அதாவது காலால் தாளம் தட்டி ஆடுகிறவர். அவருக்கு மரியாதை என்றுதான் எடுத்தார்கள். ஆனால் அந்த மை, கறுப்பின மக்களைக் கேலிப்பொருளாக்கி அமெரிக்க மேடைகளில் பல காலம் நடந்த அவமானத்தின் மிச்சம். மரியாதை செய்ய நினைத்தவருக்கே அது தோன்றாத காலம் என்று சொல்லலாம், ஆனாலும் மன்னிக்க எனக்கு மனமில்லை. பில் ராபின்சன் அப்போது உயிரோடு, படங்களில் ஆடிக்கொண்டிருந்தார். முந்தைய ஆண்டுதான் 'தி லிட்டில் கர்னல்' படத்தில் குழந்தை ஷர்லி டெம்பிளோடு படிக்கட்டில் ஆடியிருந்தார். அவரையே கூப்பிட்டு ஆடவைத்திருக்கலாம். அந்தப் பாட்டின் பின்பகுதியில் அஸ்டேருக்குப் பின்னால் மூன்று பிரம்மாண்ட நிழல்கள் ஆடும். நிழல்களைத் தனியே படம்பிடித்து இணைத்தது, தொழில்நுட்பத்தில் அன்றைக்குப் பெரிய வேலை. ஹெர்மீஸ் பேனுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. நீ எடிட்டர் என்ற முறையில் அதைப் பார்ப்பாய். அந்த மையையும் சேர்த்தே பார்.

இனி கடைசி நடனம், 'நெவர் கோன்னா டான்ஸ்'. இதற்காகவே இந்தக் கடிதம்.

லக்கி அவளை இழந்துவிட்டான். அவள் வேறொருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறாள். விடுதியில் ஆளில்லை. பளபளக்கும் கறுப்புத் தரை, இரண்டு பக்கமும் வளைந்து மேலேறும் படிக்கட்டுகள். இனி ஆடமாட்டேன் என்று அவன் பாடுகிறான். பாட்டு முடிந்ததும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வெறுமனே நடக்கிறார்கள். நடை எப்போது நடனமாகிறது என்று சொல்லவே முடியாது. எத்தனையோ தடவை பார்த்தும் அந்த விநாடி எனக்குப் பிடிபடவில்லை. முன்பு வந்த மெட்டுகள் திரும்ப வருகின்றன. தலையில் நுரையோடு வந்து நின்றாளே, அந்தப் பாட்டு. விடுதியில் ஆடிய வால்ட்ஸ். சந்தோஷமாகக் கேட்ட அதே மெட்டுகள் இப்போது பிரிகிறவர்களின் ஞாபகமாக வருகின்றன. அவள் போகப் பார்க்கிறாள், அவன் தடுக்கிறான், திரும்புகிறாள். பிறகு ஆளுக்கொரு படிக்கட்டில் ஆடிக்கொண்டே ஏறி மேலே சந்திக்கிறார்கள். காமிரா மேல்தளத்துக்குப் போக வேண்டியிருப்பதால் அங்கே ஒரே ஒரு வெட்டு. மேலே அவள் சுற்றோ சுற்றென்று சுற்றி, அந்தச் சுழற்சியின் வேகத்திலேயே ஃப்ரேமை விட்டு வெளியே போய்விடுகிறாள். அவன் மட்டும் நிற்கிறான்.

இந்த நடனத்துக்கு ஒரே நாளில் 47 டேக். இரவு வெகுநேரமாகியும் முடியவில்லை. ஜிஞ்சரின் பாதங்களில் ரத்தம் வந்துவிட்டது. இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் வீட்டுக்குப் போகச் சொல்லியும், முடித்துவிட்டுத்தான் போவேன் என்று நின்றார். இன்றைக்கு ஒரு நல்ல தொடக்கத்தையும் ஒரு நல்ல முடிவையும் எடுத்து ஒட்டிவிட்டால் வேலை தீர்ந்தது. வலியோடு நடிகர்களை ஆடவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அந்தத் தப்பான அர்த்தம் வேண்டாம். ஆனால் அந்தக் கடைசிச் சுழற்சியில் அவர் உடம்பில் இருக்கிற களைப்பு பென்னியின் களைப்பாகவே தெரிகிறது. முதல் அடியிலிருந்து கூடவே வந்ததால் நமக்கும் அது சேர்ந்துவிடுகிறது. துண்டுகளை ஒட்டியிருந்தால் அந்தக் களைப்பு எங்கேயோ காணாமல் போயிருக்கும்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் நிறுத்திய இடத்திலிருந்து படத்தை முழுதாகப் பார். அப்புறம் கடைசி நடனத்தை மட்டும், ஒருமுறை அவனை, ஒருமுறை அவளைப் பார். மூன்றாவது முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார். நேரமிருந்தால் 1935-இல் வந்த 'டாப் ஹாட்' படத்தில் மழைக்கு ஒதுங்கி மண்டபத்தில் ஆடுகிற நடனத்தையும் சேர்த்துக்கொள், அது இதற்கு நேர் எதிர்: காதல் தொடங்குகிற ஆட்டம்.

அடுத்து உன் கைக்கு வருகிற பாட்டில், ஆடுகிறவர்கள் நன்றாக ஆடியிருந்தால், ஒரே ஒரு சரணத்தை வெட்டாமல் விட்டுப் பார்க்க இயக்குநரிடம் கேள். என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அக்கா