டோனி வில்லியம்ஸ் குரல் இன்னும் உருக்குது

ஆசிரியர் சாருக்கு வணக்கம். பிளாட்டர்ஸ்ங்கற அமெரிக்கப் பாட்டுக் குழுவோட பாட்டெல்லாம் பழசாயிடுச்சுன்னு யாராவது சொன்னா என்னால ஒத்துக்கவே முடியாது சார். 'ஒன்லி யூ' முதல் தடவை ரெக்கார்ட் பண்ணப்போ எடுபடல, அதையே 1955-ல மெர்க்குரி ரெக்கார்ட் கம்பெனிக்காகத் திரும்பப் பாடினாங்க, அதுல குழுவோட முக்கியப் பாடகர் டோனி வில்லியம்ஸ் அந்த முதல் வார்த்தைய உடைச்சு இழுப்பாரே, தொண்டையில சின்ன விக்கல் மாதிரி, அதுக்கே நெஞ்சு கரைஞ்சிடும். பின்னாடி மத்தவங்க குரல் அவரைத் தாங்கிக்கிட்டே வரும், குழுவுல பாடின பொண்ணு ஜோலா டெய்லர் குரலும் சேர்றப்போ தனி அழகு. 'ஸ்மோக் கெட்ஸ் இன் யுவர் ஐஸ்' 1933-லயே வந்த மெட்டுதான், இவங்க பாடி 1959-ல அமெரிக்காவுல முதல் இடத்துக்கே போச்சு. ராத்திரி லைட்ட அணைச்சிட்டுக் கேளுங்க, கடைசில அந்தக் குரல் மேல ஏறுற இடத்துல நான் இன்னிக்கும் அப்படியே உக்காந்துடுவேன்.

- ஒரு வாசகர்