பவளத்துக்கு, காலிக்குப் போன கதை

கண்டி
2025 செப்டெம்பர் 14

அன்புள்ள பவளம்,

நான் சுகம். நீ சுகமென்று உன் பேத்தி அனுப்பும் படங்களிலேயே தெரிகிறது, தாடை இரண்டாகிவிட்டது. உன் பொங்கல் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை முதலில் திட்டி முடி.

முடிந்ததா? சரி. இதை ஏன் வாட்ஸ்அப்பில் சொல்லாமல் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன் என்று கேட்பாய். உன் போனைத் திறப்பதே உன் பேத்திதான். இதை அவள் வாசிக்கக் கூடாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து வாசி.

மே மாதம் அவள் ஒரு படம் அனுப்பினாளே, ஞாபகம் இருக்கிறதா? பள்ளிச் சுற்றுலாவில் காலிக் கோட்டையும் மூன்று மொழிக் கல்வெட்டும் பார்த்ததாக 1974இல் நான் உனக்கு எழுதிய கடிதம். நாலு பக்கம், ஊதா மை, மடிப்புக் கிழிந்த இடத்தில் நீ டேப் ஒட்டியிருக்கிறாய். கீழே அவள், "பாட்டி இதை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவாங்க. ஸ்கூல் புராஜெக்டுக்கு இதைத்தான் எழுதப் போறேன். தலைப்பு, என் பாட்டியின் தோழி தொட்ட கல்வெட்டு" என்று போட்டிருந்தாள். அன்று இரவு எனக்கு நித்திரையே இல்லையடி.

பவளம், நான் காலிக்குப் போகவேயில்லை. அந்த நாலு பக்கமும் பொய்.

உங்களை இந்தியாவுக்கு அனுப்பிய ரயிலில், அந்த ஒப்பாரிக் கோச்சியில், நீ ஏறுவதற்கு முன்னால் உன் சுற்றுலாக் காசு பதினொரு ரூபாவை என் கையில் வைத்து, "ரெண்டு பேருக்கும் சேத்துப் பாத்துட்டு எழுது" என்றாயே. என் காசும் உன் காசுமாக இருபத்திரண்டு ரூபா. நீ போன பிறகு தோட்டத்தில் அரிசிக்கும் மாவுக்கும் மக்கள் பட்ட பாட்டை உனக்கு நான் எழுதவில்லை. மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று தம்பியின் கால் வீங்கியது. அம்மா கேட்கக்கூட இல்லை. நானாகத்தான் எடுத்துக் கொடுத்தேன். பஸ் போன அன்று லயத்தில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். பிறகு சாந்தி வந்து பார்த்ததையெல்லாம் சொன்னாள். அவள் சொன்னதையும், சோடாப்புட்டி டீச்சர் வகுப்பில் சொன்னதையும் கலந்து உனக்கு எழுதினேன். உன் காசுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. முப்பத்திரண்டு வருஷம் சரித்திரம் படிப்பித்தேன். மூன்று மொழிக் கல்வெட்டு வரும் பாடத்துக்கு ஒவ்வொரு வருஷமும் நெஞ்சு திக்கென்னும். நீ கோத்தகிரியில் என் பெயரைச் சொல்லி என்ன கதை விட்டுக்கொண்டிருக்கிறாயோ என்று.

ஆகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காரில். நானே ஓட்டி.

வாயை மூடு. அவர் போனபிறகு அவருடைய சன்னிக் கார் மூன்று வருஷம் படங்குக்குள்ளேயே கிடந்தது. மகன் விற்கச் சொல்லிக் கரைச்சல் கொடுத்தான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய காருக்கெல்லாம் தங்கத்தின் விலை. இந்த வருஷம் பெப்ரவரியில் திறந்துவிட்டதும், "இனி விலை இறங்கும், இப்பவே தள்ளுங்க" என்று அடுத்த கரைச்சல். கிழவர் அந்தக் காருக்காக 2022இல் பெட்ரோல் செட் வரிசையில் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கிறார். கியூஆர் கோடு வந்து வாரத்துக்கு 20 லீட்டர் என்றபோது குழந்தைக்குப் பால் அளப்பதுபோல அளந்து ஓட்டினார். அதை எப்படி விற்பேன்? லைசன் எடுத்தேன். அறுபத்து மூன்று வயதில், இரண்டாம் தடவையில். முதல் தடவை ஏன் போனது என்று கேட்காதே.

துணைக்கு யாரைக் கூட்டிப்போவது? மூக்குத்தி சாந்தியைத்தான். "காலி எனக்குத் தெரிஞ்ச இடம்" என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். மடியில் ஒரு பை, காலடியில் ஒரு பை, பின்சீட்டில் ஒரு பை. இரண்டு பேர் ஒரு நாள் போவதற்கு நாலு சோத்துப் பார்சல்.

விடிய நாலரைக்குப் புறப்பட்டோம். பேராதனைப் பாலம், பிலிமத்தலாவை எல்லாம் இருட்டில் போயின. எனக்குப் பயமே கடுகண்ணாவை இறக்கம்தான். ஓட்டப் பழக்கிய மாஸ்டர் ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தார்: "ஏற என்ன கியரோ இறங்கவும் அதே கியர். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் பிரேக் எரியும்." இரண்டாம் கியரில் போட்டேன். இஞ்சின் முனகிக்கொண்டே தானாகப் பிடித்துக்கொள்கிறது பார், அந்தச் சுகம் உனக்குத் தெரியாது. முடக்குக்கு முடக்கு பனி. எனக்கு முன்னால் ஒரு லொறி. அதன் பிரேக் கருகிய வாடை எங்கள் காருக்குள்ளேயே வந்தது. சாந்தி எங்கள் கார்தான் எரிகிறது என்று முருகனைக் கூப்பிட ஆரம்பித்தாள். அவள் பக்கத்தில் பிரேக் இல்லை, ஆனாலும் கால்விரிப்பை மிதித்து மிதித்துச் செருப்பு வார் அறுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ், கலர் கலராய் லைட் போட்டுக்கொண்டு, முடக்கில் எங்களை முந்திக்கொண்டு போனது. ஹோர்ன் அடித்த அடியில் என் கை ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டது.

பாறை குடைந்த இடத்தில் நிறுத்தினேன். இப்போது பெரிய ரோட்டு அதற்குப் பக்கத்தால் போகிறது. பழைய வழி பாறைக்குள்ளாலேயே கிடக்கிறது. மலையைத் துளைத்து வருகிறவன்தான் கண்டியை ஆளுவான் என்று ஒரு பழைய பேச்சு இருந்ததாம், வெள்ளைக்காரன் ரோட்டுப் போடும்போது துளைத்துக் காட்டினானாம். சோடாப்புட்டி டீச்சர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாரே, அதுதான். போர்த்துக்கேயன் ஏறி ஏறி அடிவாங்கிய மலை, 1820களில் ஆள்பதி பார்ன்ஸ் போட்ட ரோட்டோடு வண்டிப்பாதையாகிவிட்டது. மேலே டோசன் கோபுரம், ரோட்டுப் போட்ட இஞ்சினியர் நினைவுக்கு. கல்லுடைத்தவனுக்குக் கோபுரம் இல்லை. இந்தியாவிலிருந்து நம் ஆட்கள் வந்த வழியும் இதுவல்ல, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியாக நடந்து வந்தார்கள். நீ திரும்பிப் போனது இந்த மலையைக் கோச்சியில் இறங்கி. இந்த ரோட்டில் நீ இறங்கியதேயில்லை என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

மாவனல்லை, கேகாலை. வரக்காபொலையில் தலகுலி, எள்ளும் சர்க்கரையும் இடித்து உருட்டி, சிகரெட்டுபோலத் தாளில் சுற்றியது. சாந்தி அதில் ஒரு டசின். வரக்காபொலையில் தலகுலி, எள்ளும் சர்க்கரையும் இடித்து உருட்டி, சிகரெட்டுபோலத் தாளில் சுற்றியது. அதில் ஒரு டசின். கடவத்தை வரை மூன்று மணித்தியாலம் ஊர்ந்தோம். மத்திய அதிவேகப் பாதை நம்ம பக்கம் எப்போது வந்து சேருமோ, நம் பேரன்மார் லைசன் எடுக்கும்போது வரலாம்.

கடவத்தையில் அதிவேகப் பாதைக்கு டிக்கெட் எடுத்து ஏறினேன். நூறு வரை போகலாம். நான் எழுபத்தைந்துக்கு மேல் போகவில்லை, எல்லோரும் எங்களை முந்தினார்கள், மீன் லொறிகூட. ஆனால் பவளம், முச்சக்கரவண்டி இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, மாடு இல்லை, முடக்கு இல்லை! ரப்பர், வயல், மறுபடி ரப்பர். பயம் விட்டுப்போய்ப் பாட்டுக்கூடப் பாடினேன்.

வெலிப்பன்னையில் பிளேன்டீ குடிக்க இறங்கினோம். அங்கேதான் கேட்டேன், "சாந்தி, அன்றைக்குப் பஸ்ஸை எங்கே நிறுத்தினார்கள்? கோட்டைக்குள்ளேயா வெளியிலேயா?" அவள் தேநீரை ஊதிக்கொண்டேயிருந்தாள். ஊதினாள், ஊதினாள். பிறகு சொன்னாள்: "பஸ் காலிக்குப் போகலடி."

களுத்துறைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ் படுத்துவிட்டதாம். சாயங்காலம் வரை ரோட்டோரம் நின்று, கொண்டுபோன சோற்றைத் தின்று, வேறொரு பஸ்ஸில் திரும்பியிருக்கிறார்கள். காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்று, வெளியே சொல்லக் கூடாதென்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். அவளும் சத்தியம் பண்ணினாளாம்! அப்படியானால் எனக்குச் சொன்ன சிவப்புக் கோடு போட்ட வெளிச்சவீடு? கடலுக்குள் நிற்கிற மணிக்கூட்டுக் கோபுரம்? "நீ காய்ச்சல்ல படுத்திருந்தியே, பாவமா இருந்துச்சு." நானும் அவளும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போனார்கள். உனக்குக் கிடைத்தது பொய்யில் எடுத்த நகல்.

பின்னதுவையில் இறங்கும்போது டிக்கெட்டைக் காணோம். பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடிக்கின்றன, சாந்தி மூன்று பைகளையும் கவிழ்க்கிறாள். கடைசியில் தலகுலித் தாளோடு தாளாக ஒட்டிக்கொண்டிருந்தது, எள்ளெண்ணெய் ஊறி. கவுண்டரில் இருந்த பெடியன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, நல்ல பிள்ளை.

இனி நான் உனக்கு எழுதிய அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தினேன், பரீட்சைத் தாள் மாதிரி. வெளிச்சவீடு வெள்ளை, சுத்த வெள்ளை, 1939இல் கட்டியது. மணிக்கூட்டுக் கோபுரம் கடலில் இல்லை, மதில்மேல் நிற்கிறது; 1883இல் ஊரார் ஒரு டொக்டருக்காக எழுப்பியது. சேவல் மட்டும் சரி! பழைய வாசலின் உள்பக்கம் ஒல்லாந்தர் கம்பனிச் சின்னம், 1669, இரண்டு சிங்கம், மேலே சேவல். ஆனால் நான் தங்கச் சேவல் என்று எழுதியிருந்தேன். கல்தான், பாசி பிடித்தது. 1755ஆம் ஆண்டுத் தேவாலயத்துக்குள் தரையெல்லாம் கல்லறைக் கல், மண்டையோடு செதுக்கியது. சாந்தி மிதிக்க மாட்டேன் என்று சுவரோடு சுவராகப் பல்லிபோலப் போனாள்.

வெயில் தாங்காமல் ஒரு சின்னக் கடையில் ஒதுங்கினோம். நான் என் ஓட்டைச் சிங்களத்தில் சோடா கேட்டேன். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், எழுபத்தைந்து இருக்கும். "தங்கச்சி, தமிழ்லயே கேளுங்க, எனக்கும் லேசு" என்றார். கோட்டைக்குள் முஸ்லிம் வீடுகளில் பேச்சு தமிழ்தான் என்று படித்திருக்கிறேன், காதால் கேட்பது வேறு. சுனாமி அன்று கோட்டைக்கு வெளியே பஸ் நிலையம் முழுக்கத் தண்ணீர் புகுந்தபோது இந்த மதில்தான் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியதென்று சொன்னார். போர்த்துக்கேயன் தொடங்கி ஒல்லாந்தன் பெருப்பித்த மதில். கட்டினவன் எதற்குக் கட்டினானோ, அது எதற்கு உதவியதோ.

கல்வெட்டைக் கேட்டேன். "அது இங்க இல்லையே" என்றார். தெரியும்தான். ஆனால் அது கிடைத்த இடத்தையாவது பார்க்காமல் உனக்கு எழுத மாட்டேன் என்று வைராக்கியம். கோட்டைக்கு வெளியே கிரிப்ஸ் வீதிப் பக்கம் காரை உருட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு மதகின்மேல் மூடுகல்லாகக் கிடந்ததை 1911இல் ஒரு இஞ்சினியர் கண்டுபிடித்தார். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல். 1409 என்று திகதி. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேவேந்திரமுனைக் கோயில் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. காணிக்கையும் ஏறத்தாழ ஒரே அளவு. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று பட்டியல். வகுப்பில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அங்கே போய் நின்றால் ரோட்டு, கடை, வடிகான், ஒரு நாய். பார்க்க ஒன்றுமில்லை. எத்தனை வண்டி அந்த எழுத்தின்மேல் ஏறி இறங்கியதோ என்று நினைத்தேன். சாந்தி, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள். ஆமாம், இதற்குத்தான்.

சாயங்காலம் மதில்மேல் உட்கார்ந்தோம். பக்கத்தில் குடைக்குள் குடைக்குள்ளாகக் காதல் சோடிகள். சாந்தி எண்ணிக்கொண்டு வந்தாள், பதினேழு குடை. கொடிப்பாறையிலிருந்து ஒரு பெடியன் கடலில் குதித்துக் காட்டிக் காசு வாங்கினான். கடல் அப்படியே செப்புத்தட்டு. தலைமன்னார்க் கப்பலில் நீ கண்ணைத் திறக்கவேயில்லை, வாந்திதான் ஞாபகம் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாயே. உனக்கு அதற்குப் பிறகு கடல் பார்க்க வாய்த்ததா? கோத்தகிரியில் ஏது கடல். இத்தனை வருஷத்தில் இதை நான் உன்னிடம் கேட்டதேயில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு இப்போது கப்பல் ஓடுகிறது. வா. யாழ்ப்பாணம் வரை காரைக் கொண்டுவர எனக்குத் தைரியம் இல்லை, கண்டி வரை கோச்சியில் வந்து சேர். அங்கிருந்து நான் பொறுப்பு. அடுத்த வருஷம் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார் டொக்டர். இரவில் எதிர்வரும் லைட் எல்லாம் பூப்பூவாய் விரிகிறது. மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. ஆகவே சிவராத்திரிக்கு முன்னால் வந்துவிடு.

உன் பதினொரு ரூபா என் அலுமாரியில் தனியாக இருக்கிறது. தபாலில் வைக்க மாட்டேன்.

அன்புடன்,
ராஜி

பி.கு.: பேத்தியின் புராஜெக்டில் திருத்தச் சொல். கல் இருப்பது கொழும்பு தேசிய நூதனசாலையில். தொட்டது யார் என்ற தலைப்பை எப்படி மாற்றுவது என்று நீயே யோசி, பொய் சொல்லிச் சொல்லி எனக்குக் களைத்துவிட்டது. சாந்தி உனக்குக் கஜு ஒரு பை எடுத்து வைத்தாள். வரும் வழியில் அதையும் அவளே தின்றுவிட்டாள்.