பேர்டு ஒருவர் மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில், ‘தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்ற கேள்விக்கு ‘ஜான் லோகி பேர்டு’ என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறீர்கள். பக்கத்திலேயே பிக்சர் டியூப் வைத்த பழைய டிவியின் படம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

பேர்டின் பெருமையை நான் மறுக்கவில்லை. 1926 ஜனவரி 26 அன்று லண்டன் சோஹோவில் ஒரு மாடி அறையில், ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர்களுக்கு அசையும் முகத்தைக் காட்டியவர் அவர். ஆனால் அது துளை போட்ட தகடு சுழன்று காட்டிய, 30 கோடுகளால் மட்டுமே ஆன படம். அந்தத் தகடும் ஜெர்மனியின் பால் நிப்கோ 1884-லேயே யோசித்தது. நீங்கள் போட்ட படத்திலிருக்கும் பெட்டிக்குள் சுழலும் தகடு எங்கே இருக்கிறது?

டிவி ரிப்பேர் பார்த்தே குடும்பத்தைக் காப்பாற்றியவன் நான். டியூபின் கழுத்தில் மாட்டிய யோக் காயில்தான் எலெக்ட்ரான் கற்றையை இடவலமாகவும் மேலும் கீழும் இழுத்துப் படம் வரைகிறது. மேலும் கீழும் இழுக்கும் அந்த வெர்டிகல் பகுதி போய்விட்டால் திரை நடுவே வெள்ளையாக ஒரு கோடு மட்டும் நிற்கும். இது பேர்டின் வழியே இல்லை.

அனுப்பும் பக்கம், வாங்கும் பக்கம் இரண்டிலும் தகடே இல்லாமல் 1927 செப்டம்பர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கோட்டின் படத்தை அனுப்பிக் காட்டியவர் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த். அப்போது அவருக்கு 21 வயது. பள்ளிப் பையனாக இருந்தபோதே யோசனையை ஆசிரியர் ஜஸ்டின் டோல்மனிடம் விளக்கியிருக்கிறார். பிறகு ஆர்.சி.ஏ. என்ற பெரிய அமெரிக்க வானொலி நிறுவனத்துடன் காப்புரிமை வழக்கு வந்தபோது அந்த ஆசிரியரே வந்து சாட்சி சொன்னார். தீர்ப்பு ஃபார்ன்ஸ்வொர்த் பக்கம். 1939-ல் ஆர்.சி.ஏ. அவருக்குப் பணம் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவ்வளவு போராடி நிலைநாட்டிய பெயருக்கு உங்கள் பக்கத்தில் அரை வரி இடம் இல்லையா?

இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. 1936 நவம்பரில் பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது பேர்டின் 240 கோட்டு முறையையும் மார்கோனி-ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் தகடே இல்லாத 405 கோட்டு மின்னணு முறையையும் மாற்றி மாற்றி ஒளிபரப்பிப் பார்த்து, சில மாதங்களிலேயே பேர்டின் முறையைக் கைவிட்டார்கள் என்பதும் தெரிந்திருக்கும்.

போன வருஷம் வானொலிக் கட்டுரையில் மார்கோனி இருந்தார், ஜகதீஷ் சந்திர போஸ் இல்லை. அதற்கு நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. ஆசிரியருக்கு வரும் கடிதம் அவ்வளவு அற்பமா? இருமுனையிலும் கேத்தோடு கதிர்க் குழாய் (பிக்சர் டியூபும் அந்த வகைதான்) வைத்தால் தூரத்துக் காட்சியைப் பார்க்கலாம் என்று பொறியாளர் கேம்ப்பெல் ஸ்விண்டன் 1908-ல் சொன்னதே ‘நேச்சர்’ அறிவியல் இதழுக்கு எழுதிய கடிதத்தில்தான்.

என் பேத்தி பள்ளி வினாடி வினாவில் ஃபார்ன்ஸ்வொர்த் என்று எழுதினாள். தவறு என்று அடித்துவிட்டார்கள். ‘புத்தகத்துல பேர்டுன்னுதானே இருக்கு தாத்தா’ என்கிறாள். இப்போது உங்கள் பத்திரிகையையும் காட்டுகிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

சரி, பக்கம் பக்கமாகக் கேட்கவில்லை. அடுத்த இதழின் அதே சிறுவர் பக்கத்தில், பேர்டின் பெயருக்குப் பக்கத்தில் ஃபார்ன்ஸ்வொர்த் பெயரையும் சேர்த்து ஒரு வரி திருத்தம் போடுங்கள். போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக்,
திருச்சி