மாளிகைக்கு முன்பே ஒரு வீடு இருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மெல்போர்னுக்கு மேற்கே இருக்கும் வெரிபீ மாளிகையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. 60 அறைகள், இத்தாலியப் பாணிக் கோபுரம், ரோஜாத் தோட்டம் என்று எதையும் விடாமல் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். ஆனால் அதைக் கட்டிய ஆட்டுப் பண்ணைக்காரர்களான தாமஸ், ஆண்ட்ரூ சர்ன்சைட் சகோதரர்களைப் பற்றிச் சொல்லும்போது, ஆளில்லாத வெட்டவெளிக்கு வந்து உழைத்து உயர்ந்தவர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

வெரிபீ மாளிகை 1874 முதல் 1877 வரை கட்டப்பட்டது. அதற்கு வெகுநாள் முன்பே, 1857-இல், தாமஸ் சர்ன்சைட் எழுப்பிய வீடு பாயிண்ட் குக் கடற்கரைப் பூங்காவில் இன்னும் நிற்கிறது. மாளிகையிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். என்னைக் கேட்டால் முதலில் அங்கே போய்விட்டு அப்புறம் மாளிகைக்குப் போகலாம். கையில் பணம் சேர்ந்த பிறகு கட்டியது மாளிகை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது பாயிண்ட் குக்கில்தான் புரியும்.

மெல்போர்னின் மேற்குப் பகுதியில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தப் பூங்கா புதிதல்ல. விடுமுறை நாளில் பார்பிக்யூ அடுப்பைச் சுற்றித் தமிழும் தெலுங்கும் பஞ்சாபியும் கேட்கும். பிரியாணிச் சட்டியோடு வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பழைய வீடு வரை நடக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை. ப்ளூஸ்டோன் என்று இங்கே சொல்லும் கரிய எரிமலைக் கல்லில் கட்டிய தடித்த சுவர்கள், தாழ்வாரம், பக்கத்திலேயே கடல். ஆடம்பரம் என்று சொல்ல அதிகமில்லை. அந்தக் காலத்துச் சாமான்களைவிட எனக்குப் பிடித்தது வெளியே இருக்கும் கல் லாயம். குதிரை என்றால் அந்தக் குடும்பத்துக்கு உயிர். தம்பி ஆண்ட்ரூவின் ஹாரிகாட் என்ற குதிரை 1874-இல் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்தையே வென்றது. (அதே நூற்றாண்டில் ஆஸ்திரேலியக் குதிரைகள் கப்பல் கப்பலாகச் சென்னைக்கும் போயின, ஆங்கிலேயப் படைக்காக. நம் ஊர்க் கதைக்கும் இந்த ஊர் லாயங்களுக்கும் அப்படி ஒரு தொடர்பு உண்டு.)

சரி, ஆளில்லாத வெட்டவெளிக்கு வருகிறேன். ஸ்காட்லாந்திலிருந்து தாமஸ் 1839-இல் இந்த நாட்டுக்கு வந்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1835-இல், ஜான் பேட்மன் என்ற வெள்ளைக்காரக் குடியேறி, மெல்போர்ன் இருக்கும் இந்த வளைகுடாப் பகுதியின் பழங்குடித் தலைவர்களோடு ஒப்பந்தம் போட்டதாகச் சொல்லி, கம்பளிப் போர்வை, கத்தி, கோடாலி, மாவு கொடுத்து 6 லட்சம் ஏக்கர் வாங்கிவிட்டேன் என்றார். அப்போது இந்தப் பகுதியையும் ஆண்ட நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் பர்க் அது செல்லாது என்று அதே ஆண்டு அறிவித்தார். நிலம் பழங்குடிகளுடையது என்பதால் அல்ல, பிரிட்டிஷ் அரசுடையது என்பதால்! ஒப்பந்தம் செத்தது, ஆனால் ஆட்டு மந்தைகள் வருவது நிற்கவில்லை. 1836-இல் வெரிபீக்கு வடக்கே மவுண்ட் காட்ரெல் பக்கம் ஒரு பண்ணைக்காரரும் அவருடைய மேய்ப்பரும் கொல்லப்பட, பழி வாங்கப் போன கூட்டம் பழங்குடியினரைச் சுட்டுக் கொன்றது. ஆளே இல்லாத நிலத்தில் யாரைச் சுட்டார்கள்?

பாயிண்ட் குக் புனுராங் என்ற பழங்குடி மக்களின் மண். வெரிபீ ஆற்றைத் தாண்டினால் வாதவுராங் மக்களின் மண். இந்தச் சமவெளியில் முர்நோங் என்றொரு செடி நிறைய வளர்ந்தது. மஞ்சள் பூ, கீழே சின்னச் சின்னக் கிழங்கு. பெண்கள் குச்சியால் கிளறித் தோண்டி எடுப்பார்கள். தோண்டத் தோண்ட மண் இளகி, அடுத்த விளைச்சலும் நன்றாக வரும். ஆடுகள் வந்து இலையையும் கிழங்கையும் சேர்த்து மேய்ந்தன, குளம்பால் மண்ணை இறுக்கின. சில ஆண்டுகளிலேயே முக்கிய உணவு அரிதாகிப்போனது. நிலத்தை வளைத்தவர்களுக்குத் துப்பாக்கியைவிட ஆடு அதிகம் உதவியது என்று எனக்குத் தோன்றுகிறது. சர்ன்சைட் சகோதரர்கள் 1850-களில் இந்தக் கடலோரத்தை வாங்கியபோது, கடினமான வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. 1851-இல் தங்கம் கிடைத்து மக்கள் வெள்ளமாய் வந்து குவிய, ஆட்டிறைச்சிக்கு வந்த கிராக்கியையும் சொல்ல வேண்டுமா?

சகோதரர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கதையும் முழுக்க இன்பமானதல்ல. திருமணமே செய்துகொள்ளாத தாமஸ், 1887-இல் வெரிபீயில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். கட்டுரையில் அதுவும் இல்லை.

வீட்டுக்குப் பக்கத்திலேயே விமானப்படைத் தளம் இருக்கிறது. ஆஸ்திரேலிய ராணுவ விமானப் பயிற்சி 1914-இல் தொடங்கியது அங்கேதான். இன்னொரு பக்கம் சீத்தம் சதுப்பு நிலம். ஒரு காலத்தில் உப்பளம், இப்போது சைபீரியாவிலிருந்து வரும் பறவைகளுக்குத் தங்குமிடம். தூத்துக்குடிக்காரர்கள் பாத்தி வரப்புகளைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டின் உட்புறம் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கோடையிலும் மேல்சட்டை ஒன்று கையில் இருக்கட்டும், அந்தக் கடற்காற்றை நம்ப முடியாது.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் புனுராங், வாதவுராங் மக்களைப் பற்றி ஒரு பக்கமாவது வெளியிடுங்கள். அவர்கள் மண்ணில்தான் நாம் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கிறோம். கட்டுரையாளரே அதை எழுதினால் இன்னும் நல்லது, அவர் நடை எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
டார்னீட், மெல்போர்ன்